மாமல்லபுரம் மணலில் ஒரு ராத்திரிச் சந்தை

மாசி பௌர்ணமிக்கு முதல் நாள் மதியம், செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் மாமல்லபுரம் பஸ்ஸுக்காக ஒரு கூட்டம் நிற்கும். சுற்றுலா போகிற கூட்டம் இல்லை என்பது மூட்டைகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒன்றில் அரிசி, மிளகாய்த்தூள், கருவாடு. இன்னொன்றில் அலுமினியக் குண்டான், தட்டுகள். நாலைந்து பழைய சேலைகளைச் சுருட்டி, அவற்றோடு கழிகளையும் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். சில பைகளிலிருந்து கோழி தலையை நீட்டும். கண்டக்டர்களுக்கு இது வருஷா வருஷம் பார்த்துப் பழகிய கூட்டம். “மூட்டையெல்லாம் பின்னாடி போடும்மா” என்பதோடு சரி.

இவர்கள் இருளர் பழங்குடி மக்கள். விழுப்புரம் பக்கத்திலிருந்து ரயிலில் வந்து செங்கல்பட்டில் இறங்குகிறவர்கள் உண்டு. அரக்கோணம், காஞ்சிபுரம் லைனில் வருகிறவர்களுக்கும் இதுதான் இறங்கும் இடம். திருவள்ளூர், திருவண்ணாமலை, வேலூர், கடலூர் மாவட்டங்களிலிருந்து வேன் பிடித்தும், லோடு ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்தும் வருவார்கள். செங்கல்பட்டிலிருந்து கடல் சுமார் 30 கிலோமீட்டர். வழியில் திருக்கழுக்குன்றம். 12 ஆண்டுக்கு ஒருமுறை சங்கு பிறக்கும் என்று பேர் வாங்கிய குளம் இருக்கிற ஊர். சாதாரண நாளில் சுற்றுலாக்காரர்கள் அங்கே இறங்கி மலையேறிவிட்டுப் போவார்கள். மாசி மகத்துக்குப் போகிற பஸ்ஸில் யாருக்கும் அந்த நினைப்பு இருக்காது. பொழுது சாய்வதற்குள் மணலில் இடம் பிடித்தாக வேண்டும்.

மாமல்லபுரத்துக்கு இது விசித்திரமான நாள். ஆண்டு முழுக்க வெளியூர்க்காரர்களை நம்பிப் பிழைக்கிற ஊர் அது. 1984-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த கற்கோயில்கள், 2017-ல் புவிசார் குறியீடு வாங்கிய கற்சிற்பங்கள், 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்துப் பேசிய இடம், 2022-ல் செஸ் ஒலிம்பியாட் என்று பேருக்கும் புகழுக்கும் குறைவில்லை. கொரோனா முழுதாக விலகாத 2021-22-ல், தொல்லியல் துறை டிக்கெட் கணக்குப்படி இங்கே வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 1.45 லட்சம் பேர். தாஜ்மஹாலுக்கு அந்த ஆண்டு வந்த வெளிநாட்டவர் 39 ஆயிரம்கூட இல்லை. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகவே கடைத்தெருவும் அதற்கேற்ற மாதிரிதான். மாவுக்கல்லில் குடைந்த யானை, கருங்கல் பிள்ளையார், கண்ணாடியைச் சுற்றிச் சிப்பி ஒட்டிய சட்டம், பெயர் எழுதித் தரும் சங்கு, பருத்தி கவுன், வெள்ளைக்காரர்களுக்கான காபிக் கடை. விலையை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் சொல்லத் தெரிந்த பையன்கள் இருக்கிறார்கள். பேரம் பேசினால் பாதிக்கும் கீழே இறங்கும் என்பது நம் ஊர்ச் சுற்றுலாக்காரர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் முழு விலை கொடுத்துவிட்டுப் போவார்கள்.

மாசி மகத்துக்கு இரண்டு நாள் முன்பு கடற்கரைக்குப் போகிற வழியில் வேறு மாதிரிக் கடைகள் முளைக்கும். தார்ப்பாயும் சவுக்குக் கழியும்தான் கடை. சிலருக்கு அதுவும் கிடையாது; மணலில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் சரக்கு. கல் யானைக்கு இங்கே வேலை இல்லை. வளையல், ரிப்பன், ஸ்டிக்கர் பொட்டு, கவரிங் கம்மல், சீப்பு, பவுடர் டப்பா, பிளாஸ்டிக் குடம், எவர்சில்வர் தூக்கு, போர்வை, கோரைப்பாய், குழந்தைகளுக்கு ஊதல், பலூன், பேட்டரி கார். ‘எதை எடுத்தாலும் 10 ரூபாய்’, ‘எதை எடுத்தாலும் 20 ரூபாய்’ என்று ரெக்கார்ட் செய்து வைத்த குரல் ஒலிபெருக்கியில் ஓயாமல் ஓடும். அதற்குப் பக்கத்திலேயே பொரி, கடலை, பேரீச்சம்பழம், காராச்சேவு குவியல் குவியலாக. தமிழ்நாட்டில் எந்தத் திருவிழா வாசலிலும் இந்தப் பேரீச்சம்பழக் குவியல் இல்லாமல் இருக்காது. இது எங்கிருந்து வந்த பழக்கம் என்று யாராவது ஆராய்ச்சி செய்யலாம்.

சந்தை சூடு பிடிப்பது விளக்கு வைத்த பிறகுதான். வளையல் கடையில் நெரிசல் அதிகம். “கைய நீட்டு தாயி, அளவு பார்ப்போம்” என்று கடைக்கார அம்மா மணிக்கட்டைப் பிடித்து, விரல்களைக் குவித்து, கண்ணாடி வளையலை ஒவ்வொன்றாக ஏற்றுவார். “ஒரு டஜன் எவ்ளோம்மா?” என்று பெண் கேட்பாள். விலையைச் சொன்னதும் அவளுடைய அம்மாவோ அத்தையோ குறுக்கே புகுந்து, “ரெண்டு பொண்ணுக்கும் சேத்து சொல்லுக்கா” என்பார். பேரம் பெரிதாக நீளாது. வாங்குகிறவரிடம் இருப்பது எவ்வளவு என்று விற்கிறவருக்குத் தெரியும். விற்கிறவரும் பக்கத்து ஊர்த் திருவிழாவில் இதே மாதிரி தரையில் உட்கார்ந்து விற்கிறவர்தான். பூஞ்சேரிப் பக்கம் குடியிருக்கும் நரிக்குறவர்கள் மற்ற நாட்களில் வெளிநாட்டவரைத் துரத்தித் துரத்திப் பாசிமணி விற்க வேண்டியிருக்கும். இந்தக் கூட்டத்தில் துரத்த வேண்டியதில்லை. விரித்து வைத்தால் போதும்.

ஒரு சரக்கை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மஞ்சள் கயிறு. பூஜைச் சாமான் விற்கிற கடைகளில் தேங்காய், வெற்றிலை, கற்பூரத்துக்கு நடுவே கட்டுக்கட்டாகத் தொங்கும். விடிந்தால் இந்த மணலில் கல்யாணம் நடக்கப் போகிறது. ஒன்றிரண்டு அல்ல, அடுத்தடுத்து.

ஐரோப்பாவில் கிறிஸ்துமஸ் நேரத்துச் சந்தைகளைப் பார்க்கவே விமானம் ஏறிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்பெயினின் பார்சிலோனாவில், தேவாலய வாசலில் 1786-லிருந்து அப்படி ஒரு சந்தை நடக்கிறது. கிறிஸ்து பிறப்புக் குடிலில் வைக்கும் பொம்மைகள்தான் அங்கே முக்கியச் சரக்கு. நம் நவராத்திரி கொலு பொம்மைக் கடைகளை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். பண்டிகைக்குத் தேவையானதை விற்கத் தொடங்கி, பிறகு அந்தச் சந்தையைப் பார்ப்பதே ஒரு பண்டிகையாக மாறிவிட்ட கதை. மாமல்லபுரம் மாசிச் சந்தை இன்னும் முதல் கட்டத்திலேயே இருக்கிறது. இதற்கு நுழைவு வளைவு கிடையாது, விளம்பரம் கிடையாது. பண்டிகைக்கு வந்தவர்களுக்குத் தேவையானது விற்கும், அவ்வளவுதான். போய்ப் பார்க்கத் தகுந்ததாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

அந்தப் பண்டிகை என்ன? இருளர்களின் தெய்வம் கன்னியம்மன். ஏழு கன்னிமார் என்றும் கும்பிடுவார்கள். கன்னியம்மன் கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டாள், மாசி மகத்தன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒன்றுகூடிக் கரைக்கு வந்து, சமாதானம் சொல்லி அவளை வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது தலைமுறையாக வரும் கதை. கோபித்துக்கொண்டு போன மகளைக் கூப்பிட வருகிற குடும்பம் தனியாளாக வருமா? பாட்டன் முதல் பால்குடிக் குழந்தை வரை வரும். அதனால்தான் இத்தனை மூட்டை.

வடதமிழகத்தில் மாசி மகம் பல ஊர்களில் கடல் விழா. புதுச்சேரியில் சுற்றுவட்டாரக் கோயில் சாமிகளெல்லாம் வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வரும். மாமல்லபுரத்திலும் ஸ்தலசயனப் பெருமாள் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு எழுந்தருள்வார். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான அந்தக் கோயிலின் பெருமாளைப் பார்க்க அன்று ஊர்க்காரர்களும் சென்னைக்காரர்களும் நிற்பார்கள். ஒரே கரையில் இரண்டு விழா. பல்லக்கில் வந்து நீராடித் திரும்பும் சாமி ஒரு பக்கம். கடலுக்குள்ளேயே இருக்கிற சாமி இன்னொரு பக்கம்.

தமிழ்நாட்டில் இருளர் எண்ணிக்கை 2011 கணக்கெடுப்பின்படி 1.89 லட்சத்துக்கு மேல். மலையாளி பழங்குடிக்கு அடுத்த பெரிய பழங்குடி இவர்கள்தான். ஆனால் செங்கல்பட்டிலோ திருவள்ளூரிலோ ‘இருளர் ஊர்’ என்று பெரிதாக ஒன்றைக் காட்டிவிட முடியாது. ஏரிக்கரையில் பத்து வீடு, ஊருக்கு வெளியே கால்வாய் ஓரம் ஐந்து வீடு, செங்கல் சூளைக்குள் நாலு குடிசை என்று சிதறித்தான் இருப்பார்கள். எந்த ஊரிலும் அவர்கள் சிறுபான்மை. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள்கூடச் சில இடங்களுக்குக் கடைசியில்தான் வருவார்கள். அந்தப் பத்து வீடும் ஐந்து வீடும் சேர்ந்து பல்லாயிரம் பேராவது மாசி மகத்தன்று இந்த மணலில்.

சூரியா நடித்த ‘ஜெய் பீம்’ படம் 2021-ல் வந்த பிறகு இருளர் என்ற பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது. அதற்கு முன்பும் நமக்கு அவர்களுடைய உழைப்பு தெரியாமலே பயன்பட்டுக்கொண்டுதான் இருந்தது. பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரியில் போடுகிற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரும் வழியில் வடநெம்மேலி இருக்கிறது. அங்கே இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் 1978-லிருந்து இயங்குகிறது. அதற்கு முன்பு பாம்பைப் பிடித்துத் தோலுக்கு விற்பது அவர்கள் பிழைப்பு. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், பின்னால் வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அந்த வருமானத்தை நிறுத்தின. கையில் இருந்த வித்தையை வேறு வழியில் திருப்பிவிட்டது இந்தச் சங்கம். பாம்பு ஆராய்ச்சியாளர் ராமுலஸ் விட்டேகர் அதற்குத் துணை நின்றார். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நாலையும் பிடித்து வந்து, சில வாரங்கள் வைத்திருந்து, விஷத்தை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். இங்கிருந்து போகும் விஷத்தை வைத்துத்தான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. பாம்புகளைப் பானைகளில் வைத்திருக்கிற விதத்தையும் விஷம் எடுப்பதையும் பார்வையாளர்களுக்குக் காட்டுவார்கள். குழந்தைகளோடு வருகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2017-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா சதுப்பு நிலத்தில் பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க அங்கிருந்து கூப்பிட்டனுப்பியது இவர்களைத்தான். போன சில நாட்களிலேயே 13 மலைப்பாம்புகள் சிக்கின. மண்ணில் இருக்கும் தடத்தையும் எச்சத்தையும் படித்தே பாம்பு எந்தப் பக்கம் போனது என்று சொல்லிவிடுகிற கண் அது. இருவரில் ஒருவர் பெயரிலேயே மாசி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

மெடல் வாங்கியவர்கள் இரண்டு பேர். மற்றவர்கள் பாடு வேறு. அரிசி ஆலை, செங்கல் சூளை, சவுக்குத் தோப்பில் மரம் வெட்டுதல் என்று முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு வேலைக்குப் போய், கணக்கு தீராமல் அங்கேயே மாட்டிக்கொண்ட இருளர்கள் ஏராளம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1976-ல். 2019 ஜூலையில், காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து குழந்தைகள் உட்பட 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். இடையில் 43 வருஷம். முன்பணத்தில் மாட்டிய குடும்பத்துக்குத் திருவிழா என்பது முதலாளி விட்டால்தான் உண்டு. மாசி மகத்தில் ‘இந்த வருஷம் அவங்க ஏன் வரலை?’ என்று ஒரு குடும்பத்தைப் பற்றிக் கேட்டால், அந்தக் கேள்வி சாதாரணமானது அல்ல.

சாதிச் சான்றிதழும் ஒரு தீராத தொல்லை. பழங்குடியினர் சான்றிதழைக் கோட்டாட்சியர் தர வேண்டும். தாத்தா, அப்பா யாரிடமும் காகிதம் இல்லாத வீட்டில் பிள்ளை எதைக் காட்டும்? சொந்தக்காரர் யாராவது வாங்கியிருக்கிறாரா என்று தேட வேண்டியிருக்கும். சொந்தக்காரர்கள் ஐந்து மாவட்டத்தில் சிதறிக் கிடக்கும்போது, எல்லாரும் ஒரே இடத்தில் கிடைக்கும் ஒரு ராத்திரியின் மதிப்பைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சங்கங்கள் மேடை போட்டுக் கோரிக்கைகளைப் பேசுவதற்கும் இந்த நாளைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான். அரசு அதிகாரிகளும் இப்போது வருகிறார்கள். குடிதண்ணீர் லாரி, தற்காலிகக் கழிப்பறை, மின்விளக்கு போன்றவை முன்பைவிடப் பரவாயில்லை. அத்தனை கூட்டத்துக்குப் போதுமா என்றால், அங்கே இரவு தங்கும் பெண்களிடம்தான் கேட்க வேண்டும்.

மாலையில் கழிகளை மணலில் ஊன்றிச் சேலையைச் சுற்றினால் வீடு தயார். கூரையும் சேலைதான், சுவரும் சேலைதான். கடற்கரைக் கோயிலை ஒட்டிய மணல்வெளி சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று கண்ணுக்கெட்டிய தூரம் நிறம் மாறிவிடும். கோயிலுக்குள் போக 40 ரூபாய் டிக்கெட். மாலை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள். ராஜசிம்மன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கோயில் இரும்பு வேலிக்குப் பின்னால் அமைதியாக நிற்க, வேலிக்கு இந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான அடுப்புகள் புகையும். கருவாட்டுக் குழம்பு வாசனையும் விறகுப் புகையும் கடல் காற்றும் கலந்த அந்த மணம் சுற்றுலாத் துறையின் எந்த வீடியோவிலும் வராது.

கூடாரங்களை யாரும் நம்பர் போட்டு ஒதுக்குவதில்லை. ஆனாலும் போன வருஷம் எங்கே போட்டார்களோ ஏறக்குறைய அங்கேயே போடுவார்கள். அப்போதுதான் தேடி வருகிறவர்களுக்குக் கண்டுபிடிக்க முடியும். இருட்டில் கூடாரம் கூடாரமாக எட்டிப்பார்த்து, “எந்த ஊர்க்காரங்க? மாமா வந்துட்டாரா?” என்று விசாரிக்கும் குரல்கள் நள்ளிரவு வரை கேட்கும். செல்போன் வந்த பிறகு தேடல் சுலபமாகியிருக்க வேண்டும். பாதி போன்களில் சார்ஜ் இருக்காது என்பதால் பழைய முறையே கைகொடுக்கிறது.

பெண் பார்ப்பதும் இங்கேதான். கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கிற குடும்பங்களுக்குப் பக்கத்து ஊரில் வரன் தேட வழியில்லை. பக்கத்து ஊரில் இருப்பது நாலு வீடு, நாலும் பங்காளி வீடாக இருக்கும். ஆகவே சந்தையில் வளையல் வாங்கும் இடம், தண்ணீர் லாரி முன் குடத்தோடு நிற்கும் வரிசை, ராட்டினத்தடி எல்லாமே கண்ணும் கண்ணும் சந்திக்கும் இடங்கள்தான். பையனுக்குப் பிடித்து, பெண்ணுக்கும் பிடித்து, இரண்டு பக்கப் பெரியவர்களும் ஒரு கூடாரத்துக்குள் உட்கார்ந்து பேசிவிட்டால், நிச்சயம் அந்த இடத்திலேயே. வரதட்சணைப் பேச்சு கிடையாது. மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டாருக்குப் பரிசம் வைக்க வேண்டும். கல்யாணம் பெரும்பாலும் அடுத்த மாசி மகத்தில். இடையில் ஒரு வருஷம் இரண்டு பேரும் காத்திருப்பார்கள். சிலருக்கு அவசரம், விடிந்ததுமே முடித்துவிடுவதும் உண்டு. நகரத்தில் கல்யாண மண்டபத்துக்கு ஒரு வருஷம் முன்பே லட்சக்கணக்கில் அட்வான்ஸ் கட்டிவிட்டுப் பத்திரிகை டிசைனுக்கு அலைகிற அப்பாக்கள் இந்தப் பக்கம் ஒரு நடை வந்து பார்க்கலாம்.

வந்து பார்க்கிறவர்கள் சில விஷயங்களை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. மாசி மகம் பிப்ரவரியிலோ மார்ச் முதல் பாதியிலோ வரும். 2024-ல் பிப்ரவரி 24, 2025-ல் மார்ச் 12. முதல் நாள் மாலை நாலு மணிக்குள் வந்துவிட்டால் கூடாரம் எழும்புவதையும் சந்தை தொடங்குவதையும் பார்க்கலாம். காரில் வந்தால் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டியிருக்கும். தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டுவந்து, காலியானதைக் கையோடு எடுத்துப்போகலாம். கூடாரம் என்பது ஒரு வீடு. சேலைச் சுவர் என்பதற்காக எட்டிப் பார்த்துப் படம் எடுக்கக் கூடாது. போனை நீட்டும் முன் ஒரு வார்த்தை கேட்டால், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சம்மதிப்பார்கள். சாமி வந்து ஆடுகிறவர்களையும் கடலில் நனைந்து நிற்கும் பெண்களையும் வீடியோ எடுக்காமல் இருப்பது, கேட்டாலும் கேட்காவிட்டாலும், மரியாதை. இன்னொன்று, மாமல்லபுரம் கடல் பார்க்க அழகு, இறங்க ஆபத்து. இழுப்பு அதிகம். அன்று போலீஸாரும் மீனவர்களும் காவல் நிற்பார்கள் என்றாலும், முழங்கால் அளவுக்கு மேல் பிள்ளைகளை விட வேண்டாம்.

இரவெல்லாம் தூக்கம் இருக்காது. பம்பையோ மேளமோ ஒரு மூலையில் அடித்துக்கொண்டே இருக்கும், இன்னொரு மூலையில் ப்ளூடூத் ஸ்பீக்கரில் கானா. குழந்தைகள் ராட்டினக் காசு தீர்ந்த பிறகு மணலிலேயே சுருண்டுவிடும். மேலே நிலா, கீழே ஆயிரம் சேலைக் கூரை.

நாலரை, ஐந்து மணிக்கு மணல் எழுந்துவிடும். குடும்பம் குடும்பமாக அலை ஓரத்துக்குப் போவார்கள். ஈர மணலைக் கையால் குவித்துத் தட்டி ஏழு படி கட்டுவார்கள், கன்னிமார் ஏழு பேருக்கு. கொலுப்படி மாதிரி, ஆனால் ஒரு முழ உயரம்கூட இராது. படியில் மஞ்சள், குங்குமம், பூ. முன்னால் வாழைப்பழம், வெற்றிலை, தேங்காய், நேற்று சந்தையில் வாங்கிய பொரி. கற்பூரம் காற்றில் நிற்காது. நாலு பேர் உள்ளங்கையைக் குவித்து மறைத்தால்தான் எரியும். பூசாரி வெளியிலிருந்து வருவதில்லை. வீட்டுப் பெரியவரே கும்பிட்டு அழைப்பார். யாராவது ஒருவர்மேல் அம்மன் வந்து இறங்கினால், குடும்பம் சூழ்ந்து நின்று கேள்வி கேட்கும். கோபம் தீர்ந்ததா, பிள்ளைக்கு உடம்பு தேறுமா, கடன் எப்போது அடையும், வேலைக்குப் போன தம்பி எப்போது வருவான்? வேப்பிலையோடு பதில் வரும். அலை பெரிதாக வந்து படியைக் கரைத்துக்கொண்டு போகும்போது யாரும் வருத்தப்படுவதில்லை.

சூரியன் தலை காட்டும் நேரத்தில் கல்யாணங்கள். பெண்ணும் பிள்ளையும் கடலில் முழுகி எழுந்து புதுத்துணி மாற்றிக்கொண்டு வருவார்கள். பெண் கையில் இரவு ஏற்றிய கண்ணாடி வளையல். மாலை, மஞ்சள் கயிறு, பெரியவர்கள் தூவும் அரிசி. பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். பக்கத்திலேயே இன்னொரு குடும்பத்தில் குழந்தைக்கு மொட்டை, அடுத்ததில் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அழுகிற சத்தம் அலைச் சத்தத்தை மிஞ்சும். கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கு விருந்து கூடாரத்து அடுப்பில்தான். தெரியாத ஆள் பக்கத்தில் நின்றாலும் “சாப்ட்டுப் போங்க” என்பார்கள்.

பத்து மணிக்கெல்லாம் சேலைகள் அவிழத் தொடங்கும். வெயில் ஏறினால் மணலில் கால் வைக்க முடியாது. வேன்காரர்கள் ஹாரன் அடித்து அவசரப்படுத்துவார்கள். கடைசி நேர வியாபாரம் ஒன்று அப்போது நடக்கும். ஊருக்குப் போகிறவர்கள் மிச்சமிருக்கும் காசைப் பார்த்து, பிளாஸ்டிக் குடம், ஒரு கிலோ பேரீச்சம்பழம், வீட்டில் விட்டுவந்த பாட்டிக்கு ஒரு போர்வை என்று வாங்குவார்கள். இரவில் ஒரு விலை சொன்ன கடைக்காரர் இப்போது கேட்கிற விலைக்குக் கொடுத்துவிடுவார். சுமந்துகொண்டு போவதைவிட விற்றுவிடுவது மேல்.

மதியத்துக்குள் துப்புரவுப் பணியாளர்கள் கூடையோடு வந்துவிடுவார்கள். அடுப்புக் கற்களும் சாம்பலும் பாலித்தீன் பைகளும் அவர்கள் கணக்கில். சாயங்காலம் வழக்கமான சுற்றுலாப் பஸ்கள் வந்து நிற்கும்போது கல் யானைகள் மறுபடி கடை முகப்புக்கு வந்திருக்கும். தார்ப்பாய்க் கடைக்காரர்கள் சரக்கை மினி லாரியில் ஏற்றுவார்கள். அடுத்தது பங்குனி. மயிலாப்பூரில் அறுபத்து மூவர், காஞ்சிபுரத்தில் பங்குனி உத்திரம். மீந்த வளையல் அங்கே போகும். மஞ்சள் கயிறு மட்டும் அநேகமாக மீந்திருக்காது.